'மக்கள்'னா யாரு? ஒரு சொல்லோட 5,000 வருஷப் பயணம்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.

வணக்கம் மக்களே!

நாம ஒவ்வொரு எபிசோடையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். யூடியூப்ல பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. 'நண்பர்களே'ன்னா கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. 'மக்களே'ன்னா எல்லாரும் உள்ள வந்துடுறாங்க, யாரும் விட்டுப்போறதில்ல. அப்படித்தானே நினைக்கிறோம்?

இன்னிக்கு எபிசோட் அதே அர்த்தம் உள்ள ஒரு சொல்லைப் பத்தி. தமிழ்ச் சொல் இல்ல. இந்தோ ஐரோப்பிய மொழிகள்ல, அதாவது ஐஸ்லாந்துல இருந்து வங்காளம் வரைக்கும் பரவிக் கிடக்கிற அந்தப் பெரிய மொழிக் குடும்பத்துல, 'மக்கள்'னு அர்த்தம் கொடுத்த ஒரு பழைய சொல். அந்தச் சொல் அயர்லாந்துக்குப் போச்சு, இத்தாலிக்குப் போச்சு, பால்டிக் கடலோரத்துக்குப் போச்சு. ஜெர்மனியில ஒரு நாட்டோட பேராவே ஆயிடுச்சு. போன இடத்துல எல்லாம் ஒரே கேள்வியைக் கூடவே கொண்டுபோச்சு: மக்கள்னா யாரு? யார் உள்ள, யார் வெளிய?

பெர்லின்ல ஒரு கட்டடம்

பெர்லின்ல ஜெர்மன் நாடாளுமன்றம் இருக்கிற கட்டடத்துக்குப் பேர் ரைஷ்டாக். முன்பக்கம் பெரிய பெரிய தூண்கள். தூண்களுக்கு மேல வெண்கல எழுத்துல மூணு சொல், மொத்தம் 17 எழுத்து: 'டெம் டாய்ச்சன் ஃபோல்க'. 'ஜெர்மன் மக்களுக்கு'ன்னு அர்த்தம்.

இதுல 'ஃபோல்க்'னா மக்கள். ஆங்கிலத்துல ஃபோக் மியூசிக்னு சொல்றோம்ல, அதே ஃபோக்தான். சரி, 'டாய்ச்'னா? இன்னிக்கு அதுக்கு 'ஜெர்மன்'னு அர்த்தம். ஆனா வேரைத் தோண்டிப் பார்த்தா அதுவும் 'மக்களைச் சேர்ந்த'ங்கிற அர்த்தம் உள்ள சொல்தான். ஆக அந்த வாசகத்தை வேர்ச்சொல் வழியாப் படிச்சா, 'மக்களுடைய மக்களுக்கு'ன்னு வரும்.

ஒரே வாசகத்துல ரெண்டு தடவை மக்கள். இருந்தும் அந்த எழுத்துகளை வார்த்துக் கொடுத்த குடும்பத்தையே, 20 வருஷத்துக்குள்ள, 'நீங்க எங்க மக்கள் இல்ல'ன்னு அந்த நாடு சொல்லிடுச்சு. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

யாரும் எழுதி வைக்காத ஒரு சொல்

இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் ஒரு மூல மொழி இருந்திருக்கணும். இன்னிக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றது, அது சுமார் 5,000, 6,000 வருஷத்துக்கு முன்னாடி, கருங்கடலுக்கு வடக்கே இருக்கிற புல்வெளிகள்ல பேசப்பட்டிருக்கலாம்னு. எழுத்து கிடையாது. கல்வெட்டு கிடையாது. அப்புறம் எப்படி அந்த மொழியில இந்தச் சொல் இருந்துச்சுன்னு சொல்றாங்க?

ஓசைகளை வெச்சுத்தான். ஒரு சின்ன உதாரணம். நமக்கெல்லாம் கொஞ்சம் ஹிந்தி தெரியும். ஹிந்தியில மூணுக்கு 'தீன்'. லத்தீன்ல 'த்ரேஸ்'. ரெண்டும் 'தலை'யில வர்ற வன்மையான 'த'. ஆங்கிலத்துல 'த்ரீ', அதாவது நாக்கைப் பல்லுல வெச்சுக் காத்தை விடுற ஓசை. ஜெர்மன்ல 'ட்ரை', கிட்டத்தட்ட 'பந்து'ல வர்ற மெல்லின 'த' மாதிரி. நம்ம எழுத்துல இது எல்லாத்துக்கும் 'த'வும் 'ட'வும்தான் இருக்கு, அதனால காதால கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போ 'நீ'ங்கிற சொல். ஹிந்தியில 'தூ'. லத்தீன்லயும் 'தூ'. பழைய ஆங்கிலத்துல 'தௌ', அதே காத்து விடுற ஓசை. ஜெர்மன்ல 'டூ'. பார்த்தீங்களா, அதே வரிசை. லத்தீன்ல வன்மையான 'த' இருந்தா, ஆங்கிலத்துல காத்தோட வரும், ஜெர்மன்ல மெலிஞ்சு வரும். இது தற்செயல் இல்ல, நூத்துக்கணக்கான சொற்கள்ல இப்படியே நடந்திருக்கு. 1818-ல டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க்கும், 1822-ல ஜெர்மனியோட யாக்கோப் கிரிமும் இந்த ஒழுங்கை விளக்கி எழுதினாங்க. ஆமா, அதே கிரிம்தான். சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் கதைகளைத் தொகுத்த அண்ணன் தம்பியில அண்ணன்.

இந்த ஒழுங்கு கையில இருந்தா, காலத்துல பின்னாடி போகலாம். லிதுவேனிய மொழியில 'தௌதா'ன்னா மக்கள், தேசம். இத்தாலியோட பழைய மொழியான ஆஸ்கன்ல 'தோவ்தோ'ன்னா ஊர்ச் சமூகம். பழைய ஐரிஷ்ல 'தூவஹ்'னா குடி, சிறிய நாடு. கோத்திக்ல 'த்யூடா', அந்தக் காத்து விடுற ஓசையோட. ஜெர்மன்ல 'டாய்ச்'. முதல் ஓசை எல்லாம் அந்த வரிசையில அப்படியே உக்காருது. எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பார்த்துத்தான் 'தெவ்தா' மாதிரி ஒரு மூலச் சொல் இருந்திருக்கணும்னு மொழியியலாளர்கள் சொல்றாங்க. எழுதும்போது முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடுவாங்க. 'இது கண்ணால பார்த்த சொல் இல்ல, கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்ச சொல்'னு அர்த்தம்.

இதோட அடி வேருக்கும் பலர் ஒரு விளக்கம் சொல்றாங்க. 'பெருத்தல், வீங்குதல்'னு ஒரு வேர். நாம மெடிக்கல் ரிப்போர்ட்ல பார்க்கிற 'டியூமர்'ங்கிற சொல் அந்த வேர்ல இருந்து வந்தது. ஆங்கிலத்துல கட்டை விரலைச் சொல்ற 'தம்'மும் அதே வேர்தான். மத்த விரலைவிடப் பெருத்த விரல். அப்போ 'தெவ்தா'ன்னா பெருகின கூட்டம். ஒரு திருவிழாவுல கூட்டம் சேர்ந்தா எப்படி இருக்கும், அந்தக் காட்சி. சிலர் இந்த விளக்கத்தை ஏத்துக்கிறதில்ல. ஆனா சொல் ஒண்ணுதான்ங்கிறதுல பெரிய சண்டை இல்ல.

இன்னொண்ணு கவனிக்கணும். இந்தச் சொல்லோட நிச்சயமான உறவுக்காரங்க எல்லாம் ஐரோப்பாவுலதான் இருக்காங்க. சமஸ்கிருதத்துல மக்களுக்கு 'ஜன', 'விஷ்'னு வேற சொற்கள். 'ஜன'ங்கிறது 'பிறத்தல்'ங்கிற வேர்ல இருந்து வர்றது. அதனால இந்தப் பயணம் மேற்கு நோக்கித்தான் போகும்.

உள்ள இருக்கிறவங்க

முதல் ஸ்டாப் அயர்லாந்து. இடைக்காலத்தோட தொடக்கத்துல அந்தத் தீவுல சுமார் 150 'தூவஹ்' இருந்ததா வரலாற்றாசிரியர்கள் கணக்கு சொல்றாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அரசன். நம்ம கணக்குல ஒரு தாலுகா அளவுக்குக்கூட சிலது இருக்காது. ஆனா சட்டம் அதுக்குள்ளதான். உங்களுக்கு என்ன மரியாதை, உங்களை யாராவது அடிச்சா எவ்வளவு நஷ்டஈடு, எல்லாமே உங்க தூவஹ்ல உங்க இடம் என்னங்கிறதை வெச்சுத்தான். எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தூவஹ்ல கால் வெச்சா, சாதாரண ஆளுக்கு அந்த உரிமை கூட வராது. அவன் அங்க வெளியாள். விதிவிலக்கு யாருக்குன்னா, புலவர்களுக்கும் கற்றவங்களுக்கும் மதகுருமாருக்கும். அவங்க எங்க போனாலும் மதிப்பு உண்டு.

இன்னிக்கு ஐரிஷ் மொழியில அதே சொல் பெரும்பாலும் 'கிராமப்புறம்'ங்கிற அர்த்தத்துல வருது. ஒரு காலத்துல ஒரு முழு நாடு. இப்போ டவுனுக்கு வெளிய இருக்கிற இடம்.

அடுத்தது இத்தாலி. ரோமுக்கு வடக்கே குப்பியோன்னு ஒரு மலையூர். அங்க 1444-ல ஏழு வெண்கலத் தகடுகள் கிடைச்சது. லத்தீனோட பங்காளி மொழியான அம்ப்ரியன்ல எழுதினது. ஊரைத் தூய்மைப்படுத்துற சடங்கு எப்படிச் செய்யணும்னு விவரமா இருக்கு. தங்களோட ஊர்ச் சமூகத்தை அந்தத் தகடுகள் 'தோதா'ன்னு சொல்லுது. நம்ம சொல்தான். சடங்குல ஒரு கட்டத்துல பூசாரி அறிவிக்கணும்: பக்கத்து ஊரான தாதினம் ஊர்க்காரங்க, எத்ருஸ்கர்கள், இன்னும் ரெண்டு குழுக்காரங்க யாராவது இங்க இருந்தா, இந்தக் கூட்டத்தை விட்டு வெளிய போயிடணும். போகலைன்னா பிடிச்சுத் தண்டனைக்குக் கொண்டுபோவாங்க.

இதுல நான் கவனிச்ச விஷயம் என்னன்னா, வெளிய போகச் சொல்ற அந்தப் பக்கத்து ஊரையும் அதே 'தோதா'ங்கிற சொல்லாலதான் குறிப்பிடுறாங்க. அவங்களும் மக்கள்தான். எங்க மக்கள் இல்ல, அவ்வளவுதான். நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புல பக்கத்துத் தெருக்காரங்களை ரிமூவ் பண்ற மாதிரி, ஆனா கடவுள் சாட்சியா.

வெளிய இருக்கிறவங்க

இதுவரைக்கும் 'தெவ்தா'ன்னா 'நாம'. ஆனா இதே சொல் சில இடங்கள்ல 'அவங்க'ன்னு மாறியிருக்கு.

4-ம் நூற்றாண்டுல வுல்ஃபிலான்னு ஒரு ஆயர் பைபிளை கிரேக்கத்துல இருந்து கோத்திக் மொழிக்குக் கொண்டுவந்தார். பைபிள்ல 'புறஜாதியார்'னு ஒரு சொல் வரும்ல, அந்த இடத்துக்கு அவர் 'த்யூடா'வோட பன்மையைப் போட்டார். 'மக்கள்கள்', அதாவது மத்த இனத்தவங்க, நம்ம நம்பிக்கை இல்லாதவங்க. அதுல இருந்து 'புறஜாதியார் மாதிரி'ன்னு சொல்ல 'த்யூடிஸ்கோ'ன்னு ஒரு சொல்லையும் பயன்படுத்தினார். 'டாய்ச்'ங்கிற சொல்லோட அமைப்பு அப்படியே அதுல இருக்கு. இன்னிக்கு ஒரு தேசம் பெருமையாச் சொல்லிக்கிற பேரோட மிகப் பழைய உறவு, 'நம்ம ஆளு இல்லாதவன் மாதிரி'ங்கிற அர்த்தத்துல இருக்கு.

லாட்வியாவுல வேற மாதிரி. அந்த நாட்டு நாட்டுப்புறப் பாடல்கள்ல 'தௌதாஸ்'னா பொண்ணு கட்டிக்கிட்டுப் போற வேற்று வீட்டுக்காரங்க. 'தௌதா வீட்டுப் பையன்'னா மாப்பிள்ளை. சொந்தக் குடும்பத்துக்கு வெளிய இருக்கிற உலகம் பூராவும் 'மக்கள்'. கல்யாணம் ஆகிப் போற பொண்ணோட கண்ணுல இருந்து பார்த்தா, 'மக்கள்'ங்கிற சொல்லுல கொஞ்சம் பயமும் இருக்கு. நம்ம வீட்டுப் பெரியவங்க 'நாலு பேரு என்ன சொல்லுவாங்க'ன்னு சொல்றப்போ, அந்த நாலு பேரு யாரு? அந்த மாதிரி.

வேல்ஸ் மொழியில 'ஆல்' 'வேற'ன்னு அர்த்தம் கொடுக்கும். அதோட நம்ம சொல் சேர்ந்து 'ஆல்டிட்'. வேற மக்களைச் சேர்ந்தவன், அந்நியன். பின்னாடி அதுக்கு 'நாடு கடத்தப்பட்டவன்'னு அர்த்தம் வந்துடுச்சு. அந்நியனுக்கும் நாடு கடத்தப்பட்டவனுக்கும் ஒரே சொல். யோசிச்சுப் பார்த்தா ஆள் ஒருத்தர்தான். எந்தக் கரையில நின்னு பார்க்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

லத்தீன் தெரியாதவங்களோட மொழி

சரி, இந்தச் சொல் எப்படி ஜெர்மனிக்குப் பேராச்சு? நிறையப் பேர் நினைக்கிறது, டாய்ச்னு ஒரு இனம் இருந்துச்சு, அந்த இனத்தோட பேர் நாட்டுக்கு வந்துச்சுன்னு. அப்படி இல்ல. ஃபிராங்க், சாக்சன், பவேரியர்னு பேர் வெச்ச குழுக்கள் இருந்தாங்க. 'டாய்ச்'னு ஒரு குழு கிடையாது. அது முதல்ல மொழிக்கு வந்த பேர்.

ஐரோப்பாவுல அப்போ படிச்சவங்க மொழி லத்தீன். கோயில், சட்டம், கடிதம் எல்லாம் லத்தீன். தெருவுல பேசுற மொழியை லத்தீன்ல எழுதுறவங்க 'தெயோதிஸ்குஸ்'னு குறிச்சாங்க. 'மக்கள் பேசுறது'. மரியாதையும் இல்ல, அவமானமும் இல்ல. 'லத்தீன் இல்லாதது', அவ்வளவுதான்.

நமக்குக் கிடைச்சதுல இதோட பழைய பதிவு 786-ம் வருஷம். ஓஸ்தியாவோட ஆயர் ஜார்ஜ், போப் ஹேட்ரியனுக்கு அனுப்பின அறிக்கை. சபைக் கூட்டத்துல தீர்மானங்களை லத்தீன்லயும் மக்கள் மொழியிலயும் படிச்சுக் காட்டினாங்கன்னு எழுதியிருக்கார். கூட்டம் நடந்த இடம் இங்கிலாந்து! அங்க பேசின மக்கள் மொழி பழைய ஆங்கிலம். ஆக, 'டாய்ச்'ங்கிற சொல்லோட லத்தீன் வடிவம் முதன்முதலா எழுத்துல வந்தப்போ, அது குறிச்சது ஆங்கிலத்தை.

813-ல பிரான்ஸோட தூர் நகரத்துல கூடின சபை ஒரு முடிவு எடுத்துச்சு. பிரசங்கத்தை நாட்டுப்புற ரோமானிய மொழியிலயோ, தெயோதிஸ்க மொழியிலயோ சொல்லுங்க, ஜனங்களுக்குப் புரியட்டும்னு. 842-ல ஸ்ட்ராஸ்பர்க்ல இன்னும் ஒரு நல்ல காட்சி. சார்லமேன் பேரரசரோட பேரன்கள் ரெண்டு பேர், அவங்க அண்ணனுக்கு எதிராக் கூட்டணி போடுறாங்க. கிழக்குப் பகுதியை ஆண்ட லுட்விக், தம்பியோட படைக்குப் புரியணும்னு பழைய பிரெஞ்சுல உறுதிமொழி எடுத்தார். மேற்குப் பகுதியை ஆண்ட சார்ல்ஸ், அண்ணன் படைக்குப் புரியணும்னு தெயோதிஸ்க மொழியில எடுத்தார். எதிர்ல நிக்கிறவனுக்குப் புரியணும்ங்கிறதுதான் அன்னிக்கு முக்கியம்.

இந்தச் சொல் தேசத்துக்கும் ரத்தத்துக்கும் பேரா ஆனது ரொம்பப் பின்னாடி. ஆரம்பத்துல அதுக்குள்ள இருந்தது ஒரே ஒரு விஷயம்: படிக்காத சனத்துக்குப் புரியிற பேச்சு.

டச்சு, டொச்

இந்தச் சொல் நம்ம ஊருக்கும் வந்திருக்கு. சென்னையில இருந்து வடக்கே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் போனா பழவேற்காடு. வீக்கெண்ட் பைக் ரைடு போறவங்களுக்கு அந்த ஏரியும் டச்சுக் கல்லறையும் தெரியும். வாசல்லயே எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க. 1613-ல அங்க டச்சுக்காரங்க கெல்ட்ரியான்னு ஒரு கோட்டை கட்டினாங்க.

'டச்சு'ங்கிறது ஆங்கிலத்தோட 'டச்'. அது 'டாய்ச்'தான். முன்னாடி ஆங்கிலேயர்கள் ஜெர்மன் பேசுறவங்க, நெதர்லாந்துக்காரங்க எல்லாரையும் சேர்த்து 'டச்'னுதான் சொன்னாங்க. 17-ம் நூற்றாண்டுல கடல்ல அடிக்கடி மோதினதும் வியாபாரத்துல போட்டி போட்டதும் நெதர்லாந்துக்காரங்களோடதான். அதனால அந்தப் பேர் சுருங்கி அவங்களுக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு. அவங்களே தங்களை அப்படிச் சொல்லிக்கிறதில்ல. அவங்க மொழியில 'டாய்ட்ஸ்'னா ஜெர்மன்காரங்க! அமெரிக்காவுல பென்சில்வேனியா டச்னு சொல்றவங்க ஜெர்மன் வழிவந்தவங்க. பழைய அர்த்தம் அங்க மட்டும் தங்கிடுச்சு.

தமிழ்ல அவங்களுக்கு 'ஒல்லாந்தர்'னு இன்னொரு பேரும் உண்டு. இலங்கையில அதுதான் அதிகம். அதே ஈழத் தமிழர்கள் 1980-கள்ல போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போனப்போ, அந்த ஊர் மொழியை 'டொச்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரே சொல், ரெண்டு தடவை தமிழுக்குள்ள வந்திருக்கு. முதல் தடவை கோட்டை கட்ட வந்தவங்களோட. ரெண்டாவது தடவை, புகலிடம் கேட்டுப் போனவங்க வாயில.

17 எழுத்து

இப்போ அந்த வெண்கல எழுத்துகளுக்கு வரலாம்.

ரைஷ்டாக் கட்டடம் 1894-ல முடிஞ்சது. அந்த வாசகத்துக்கான இடம் 22 வருஷம் காலியாவே இருந்துச்சு. பேரரசர் இருக்கிற நாட்டுல கட்டடத்தை மக்களுக்குச் சமர்ப்பணம் பண்றதுல மேல இருக்கிறவங்களுக்கு ஆர்வம் இல்ல. முதல் உலகப் போர் வந்துச்சு. லட்சக்கணக்குல ஆட்கள் செத்தாங்க. மக்களோட ஆதரவு தேவைப்பட்டுச்சு. 1916 டிசம்பர்ல எழுத்துகளை மாட்டினாங்க. நெப்போலியன் காலத்துப் போர்கள்ல பிரெஞ்சுக்காரங்ககிட்ட கைப்பத்தின ரெண்டு பீரங்கிகளை உருக்கி அந்த வெண்கலத்தை எடுத்தாங்க. வார்த்துக் கொடுத்தது பெர்லின்ல இருந்த லோவி குடும்பத்தோட வார்ப்பகம். யூதக் குடும்பம்.

1935 செப்டம்பர்ல நாஜி அரசு நியூரம்பர்க் சட்டங்களைக் கொண்டுவந்துச்சு. ஜெர்மன் ரத்தமோ அதுக்கு நெருங்கின ரத்தமோ உள்ளவங்கதான் முழுக் குடிமக்கள்னு ஆச்சு. 'ஜெர்மன் மக்களுக்கு'ன்னு எழுத்து வார்த்தவங்க, ஒரே சட்டத்துல அந்த மக்கள்ல இருந்து வெட்டப்பட்டாங்க. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சிலர் பின்னாடி நாஜிகளால கொல்லப்பட்டாங்க.

மொழியைக் குறிச்ச ஒரு சொல்லுக்குள்ள ரத்தத்தைக் கொண்டுவந்து ஊத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இதோட கதை முடியல. 1989-ல கிழக்கு ஜெர்மனியோட லைப்சிக் நகரத்துல, திங்கட்கிழமைதோறும் ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. அக்டோபர் 9 அன்னிக்கு சுமார் 70,000 பேர். அவங்க கோஷம், 'நாங்கதான் மக்கள்'. 'மக்கள் ஆட்சி'ன்னு பேர் வெச்சுக்கிட்டு ஆண்ட கட்சியைப் பார்த்து, 'மக்கள் நாங்க, நீங்க இல்ல'ன்னு சொன்னாங்க. பெர்லின் சுவர் விழுந்ததுக்கு அப்புறம் அதே கோஷத்துல ஒரே ஒரு சொல் மாறுச்சு: 'நாங்க ஒரே மக்கள்'. 2014-க்கு அப்புறம், குடியேறி வந்தவங்களுக்கு எதிரா ஊர்வலம் போனவங்க அந்தப் பழைய கோஷத்தை எடுத்துக்கிட்டாங்க. முதல் தடவை அது மேல இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது. இப்போ பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சொன்னது.

பால்டிக் பக்கமும் அதே காலம்தான். 1988-ல லாட்வியாவுல சோவியத் ஆட்சிக்கு எதிரா உருவான இயக்கத்தோட பேர்லயே நம்ம சொல் இருக்கு: 'தௌதாஸ் ஃப்ரோன்தே', மக்கள் முன்னணி. 1989 ஆகஸ்ட் 23-ல மூணு பால்டிக் நாட்டுக்காரங்களும் கை கோத்து 600 கிலோமீட்டருக்கு மேல மனிதச் சங்கிலியா நின்னாங்க. 1991-ல விடுதலை கிடைச்சது. அப்போ கேள்வி வந்துச்சு: லாட்வியாவோட 'தௌதா' யாரு? 1940-க்கு முன்னாடி குடிமக்களா இருந்தவங்களும் அவங்க வாரிசுகளும்னு முடிவு பண்ணாங்க. சோவியத் காலத்துல வந்து குடியேறின சுமார் 7 லட்சம் பேர், பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுறவங்க, அங்கயே பிறந்த பிள்ளைகளும் சேர்த்து, 'குடிமக்கள் அல்லாதவங்க' ஆனாங்க. லாட்வியர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. 50 வருஷம் அவங்க மொழியும் நாடும் நசுக்கப்பட்டுச்சு. அங்க பிறந்து வளர்ந்த ஒரு ரஷ்யப் பிள்ளைக்கு அது என்ன பதில்ங்கிறதும் நியாயமான கேள்விதான்.

மண் கொண்டுவந்து போடுற தொட்டி

2000-ம் வருஷம் ஜெர்மன் நாடாளுமன்றத்துல ஒரு விவாதம். ஹான்ஸ் ஹாக்கங்கிற கலைஞர், ரைஷ்டாக்கோட உள்முற்றத்துல ஒரு கலைப்படைப்பு வைக்கணும்னு திட்டம் கொடுத்திருந்தார். பெரிய தொட்டி. ஒவ்வொரு உறுப்பினரும் அவங்கவங்க தொகுதியில இருந்து மண் கொண்டுவந்து போடணும். தானா என்ன முளைக்குதோ முளைக்கட்டும். யாரும் களை பிடுங்கக் கூடாது. நடுவுல, வெளிய தூண்மேல இருக்கிற அதே எழுத்து வடிவத்துல ஒளிரும் வாசகம்: 'டெர் பெஃபோல்கருங்'. அர்த்தம், 'இங்க வசிக்கிற எல்லாருக்கும்'. 'டாய்ச்' இல்ல.

பல உறுப்பினர்களுக்குக் கோபம். இது அந்தப் பழைய வாசகத்தை அவமதிக்கிறதுன்னு சொன்னாங்க. ஏப்ரல் 5-ல ஓட்டெடுப்பு. ஆதரவு 260, எதிர்ப்பு 258. ரெண்டே ஓட்டு. தொட்டி இன்னிக்கும் அங்க இருக்கு, செடி கொடி முளைச்சுக் கிடக்கு.

அதே 2000 ஜனவரியில புதுக் குடியுரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் 1913-ல போட்ட சட்டப்படி, அப்பா அம்மா ஜெர்மன் குடிமக்களா இருந்தாத்தான் பிறக்கிற பிள்ளையும் ஜெர்மன். இனிமே, பெத்தவங்க வெளிநாட்டவரா இருந்தாலும், அங்க குறிப்பிட்ட காலம் சட்டப்படி வாழ்ந்திருந்தா, பிள்ளை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். துருக்கித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும், யாழ்ப்பாணத்துல இருந்து போன குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்துச்சு. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல டொச் பேசுற அந்தப் பிள்ளையும் இனி 'டாய்ச்'. 813-ல தூர் சபை இந்தச் சொல்லால குறிச்சதும், தெருவுல எல்லாருக்கும் புரியிற அந்தப் பேச்சைத்தான்.

மொழியியல் நமக்கு ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுது. சொற்களுக்கு உறவு இருக்கலாம், அதுக்காகப் பேசுறவங்களுக்கு ஒரே ரத்தம்னு அர்த்தம் இல்ல. 'மக்கள்'ங்கிற சொல் எந்த மொழியிலயும் ஒரு கோடு போடும். கோடு இல்லாம அந்தச் சொல் வேலை செய்யாது. ஆனா அந்தக் கோடு மலை மாதிரி, ஆறு மாதிரி இயற்கையா அமைஞ்சது இல்ல. குப்பியோவுல ஒரு பூசாரி போட்டார். நியூரம்பர்க்ல ஒரு சட்டம் போட்டுச்சு. பெர்லின்ல ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல கொஞ்சம் நகர்ந்துச்சு.

அதனால யாராவது மைக் முன்னாடி நின்னு 'மக்கள் விரும்புறாங்க', 'மக்கள் முடிவு பண்ணிட்டாங்க'ன்னு சொன்னா, ஒரு நிமிஷம் நிறுத்தி, எந்த மக்கள், யாரை விட்டுட்டுச் சொல்றாங்கன்னு கேட்டுப் பாருங்க. 'வணக்கம் மக்களே'ன்னு ஆரம்பிக்கிற எங்களையும் சேர்த்துத்தான்.

உங்களுக்குத் தெரிஞ்ச வேற மொழியில 'மக்கள்'ங்கிறதுக்கு என்ன சொல், அதுக்கு வேற என்ன அர்த்தம் எல்லாம் இருக்குன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.